ஓர் உழக்கும் ஓர் ஆழாக்கும்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியதே உங்கள் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். அந்த வேலையைப் பெருமுக்கல்லில் நீ கையில் எடுத்திருப்பது எனக்குப் பெருமை.

ஆறாவது படிக்கும் பையன் 1/4 + 1/8 = 2/12 என்று போட்டதையும், தப்பு என்றதும் நோட்டை மூடிவிட்டு "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்றதையும் எழுதியிருந்தாய். நானும் பல வருஷம் அதையே சொல்லித் திரிந்தவள்தான். ஏழாம் வகுப்பில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் "போய் உட்காரு, அடுத்தவள் வா" என்றார்கள். வகுப்பே சிரித்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் போட்டிருப்பேன்.

அந்தப் பையன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை, கண்ணு. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறான். அவன் மனசில் ஒரு வழி இருக்கிறது. தப்பு என்று சொல்வதற்கு முன்னால் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேள். பிறகு உன் ஆயாவின் பழைய படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் பரணிலிருந்து இறக்கு. படியில் நாலில் ஒன்று உழக்கு, எட்டில் ஒன்று ஆழாக்கு. உரித்த மல்லாட்டையை அவன் கையாலேயே ஓர் உழக்கு அளந்து படியில் கொட்டட்டும். அதன் மேல் ஓர் ஆழாக்கு. இப்போது அவன் எழுதிய 2/12-ஐக் காட்டு. அது ஆறில் ஒன்று. முதலில் கொட்டிய உழக்கே அதைவிட அதிகம் ஆயிற்றே! கூடக் கூடக் கொட்டினால் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வரும்வரை நீ பேசாதே. வந்த பிறகு, படியில் இருப்பதை ஆழாக்காலேயே திருப்பி அளக்கச் சொல். மூன்று ஆழாக்கு வரும், எட்டில் மூன்று. பகுதிகளைச் சமமாக்குவது என்று புத்தகம் சொல்வது இப்படி ஒரே அளவையால் அளப்பதுதான்.

"இது ரொம்ப ஈசி" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதே. ஈசியானதே வரவில்லை என்றால் அந்தப் பிள்ளை இன்னும் கூனிக் குறுகிப்போகும்.

யோசிக்க நேரமும் கொடு. கல்லூரிப் பரீட்சையில் தேறாத கணித மேதை ராமானுஜன், 1910-இல் நோட்டுப் புத்தகத்தோடு விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் வேலை கேட்கத்தான். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் அவர். திருக்கோவிலூர் போய் வந்த மறு வருஷம் அந்தக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் கணக்கு அது. ஆறு மாதம் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் விடை 3 என்று அவரே எழுதினார். கணக்கிலேயே ஊறியவர்களுக்காக அவர் ஆறு மாதம் காத்திருந்தார். நம் பிள்ளைகளுக்கு அரை நிமிஷம்கூட நாம் தருவதில்லையே என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப் போ. முக்தியாலீஸ்வரர் கோயில் வரை எத்தனை எட்டு வரும் என்று கிளம்பும் முன்னாலேயே ஆளுக்கொரு எண் சொல்லட்டும். எண்ணிக்கொண்டே ஏறட்டும். சின்னவன் எட்டும் பெரியவன் எட்டும் ஒத்து வராது. ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள், நீ தீர்த்துவைக்காதே. பாதி மலையில் நிறுத்தி, வேண்டியவர்கள் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல். முதலில் சொன்னதை மாற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று பழகிய பிள்ளைக்குக் கரும்பலகை முன்னால் கை நடுங்காது.

படியை இறக்கிய அன்றைக்கு அந்தப் பையன் என்ன சொன்னான் என்று விவரமாக எழுது.

உன் அத்தை