இரண்டாம் முறை இரைப்பை ரண சிகிச்சைக்குப் பின் உணவு உட்கொள்ளும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் யாரேனும் ஒருவர் வாந்தி எடுப்பது அங்கே அன்றாடக் காட்சி. எலுமிச்சம்பழம் ஒன்றை முகரக் கொடுத்துவிட்டு, வண்டி மேலே செல்லும். எவரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. எண்ணவேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை. ஆனால் அவ்வண்டியில் இருப்பவர் உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் ரண சிகிச்சை செய்துகொண்டவராயின், அதிலும் அண்மையில் அதனைத் திருத்தும் இரண்டாம் சிகிச்சையும் செய்துகொண்டவராயின், அவருடைய வாந்திக்கு மலை வளைவுகளைக் காரணம் கூறிவிடுவது அவருடைய மூளையையே பாதிக்கக்கூடிய தவறாக முடியலாம். எவ்வாறு என்பதைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

முதலில், இச்சிகிச்சை எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது காண்போம். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைக் குடலோடு இணைக்கும் முறையை வியன்னா நகரில் பில்ரோத் என்னும் மருத்துவர் 1881இல் வெற்றிகரமாகச் செய்தார். அது புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. பின்னர் குடற்புண்ணுக்கும் இத்தகைய சிகிச்சைகள் பயன்பட்டன. நம் பகுதிக்கு இது அந்நியமான வரலாறு அன்று. அக்காலத்தில் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்ததாயிருந்து, 1956 முதல் தமிழ்நாட்டைச் சேர்ந்துள்ள நெய்யூரில், எவரெஸ்டு மலையேற்றத்தால் புகழ்பெற்ற டாக்டர் சாமர்வெல் 1920களிலும் 1930களிலும் முன்சிறுகுடற் புண்ணால் வருந்திய பெருந்தொகையானோருக்கு இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கும் ரண சிகிச்சை செய்தார். மரவள்ளிக்கிழங்கையே பிரதான ஆகாரமாகக் கொண்ட ஏழை மக்களிடையே இந்நோய் மிகுந்திருந்தமை அக்கால மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் எலிகளுக்குத் திருவிதாங்கூர் உணவையே கொடுத்துச் சோதனைகளும் நடைபெற்றன.

இத்தகைய புண் சிகிச்சை பெற்றவர்களிற் பலர் பின்னர் உடல் மெலிந்தனர். புண்ணுக்காகச் செய்யும் சிகிச்சையில் இது ஒரு குறை. அந்தக் குறையையே பயனாக்கலாமே என்று அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து மருத்துவர் மேசன் கருதினார். 1966இல் பருமனுக்கான இரைப்பைத் திருப்பு ரண சிகிச்சை அவ்வாறு பிறந்தது. ஆகவே, புண் நோயாளிகள் அன்று பட்ட இடர்கள் பலவும் பருமன் நோயாளிக்கு இன்றும் ஏற்படுவதில் வியப்பில்லை.

இன்று பெருவழக்கிலுள்ள முறைகள் இரண்டு. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதி நீளவாக்கில் வெட்டி நீக்கப்பட்டு ஒரு குழாய் போன்ற பகுதி மட்டும் விடப்படுகிறது. மற்றொன்றில், ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிற்றிரைப்பை ஒன்று அமைக்கப்பட்டு, நேரே சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே சென்றுவிடும். வளர்ந்தவரின் இரைப்பை சாதாரணமாக ஒரு லிட்டருக்கு மேலும் விரியும் என்பதை நினைவிற் கொள்க. இருமல் மருந்துப் புட்டியின் 10 மில்லிலிட்டர் மூடியால் மூன்று மூடி நீரை ஒரு தம்ளரில் ஊற்றி மாணவர்களுக்குக் காட்டினால், எத்தனை சொற்களைக் காட்டிலும் அது நன்றாக விளங்கும்.

இரண்டாம் சிகிச்சை ஏன் தேவைப்படுகிறது? குழாய் வடிவ இரைப்பையில் அமிலம் மேலெழும்பி நெஞ்செரிச்சல் தீராதிருக்கலாம். எடை மீண்டும் ஏறியிருக்கலாம். அல்லது இணைப்பு வாய் வடுவினால் குறுகியிருக்கலாம். குறுகிய வாயை உள்நோக்குக் குழாயின் வழியே விரிப்பது சிறிய காரியம். குழாய் வடிவ இரைப்பையைத் திருப்பு முறைக்கு மாற்றுவதோ பெரிய ரண சிகிச்சையேயாகும். ஏற்கெனவே வெட்டித் தைத்த திசுவில் மீண்டும் வேலை செய்யவேண்டியிருப்பதால், முதல் முறையை விட இதில் சிக்கல்கள் அதிகம்.

இங்கே ஒரு மனநிலையையும் கவனிக்கவேண்டும். முதல் சிகிச்சைக்குப் பின் நோயாளி மிகுந்த அச்சத்தோடும் ஒழுங்கோடும் உண்கிறார். இரண்டாவதன் பின்னரோ, "இதெல்லாம் முன்பே பழகியதுதானே" என்று எண்ணிவிடுகிறார். இவ்வெண்ணம் பிழை. மாற்றப்பட்ட இரைப்பை பழைய இரைப்பை அன்று. குழாய் வடிவ இரைப்பையில் அடிவாயிலைக் காக்கும் தசை வளையம் இருந்தது. திருப்பு முறையில் உணவு அதன் வழியே செல்வதில்லை. முன்பு தாங்கிய உணவு இப்போது தாங்காது. மேலும் முதல் சிகிச்சைக்குப் பின் கழிந்த ஆண்டுகளில் இரும்பு, பி12 முதலிய சத்துக்களின் கையிருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். கையிருப்புக் குறைந்தவர் மீண்டும் முதற்படியிலிருந்தே ஆரம்பிக்கிறார்.

படிகள் எவை? மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது வேறுபடினும், ஒழுங்கு ஒன்றுதான். ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். பின் சுமார் இரண்டு வாரம் பால், மோர், பருப்பு நீர் போன்ற திரவங்கள். அடுத்து மசித்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. ஆறு முதல் எட்டு வாரங்களில் ஏனைய உணவு. சிகிச்சை செய்த மருத்துவரின் குறிப்பே இதில் இறுதியானது. ஒரு படியைத் தாண்டி அவசரப்படுவதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

நம் பக்கத்து உணவில் வைத்து இதனைப் பார்ப்போம். ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் ஒருவர் என்று வைத்துக்கொள்க. விடியுமுன் போடியில் ஜீப் ஏறவேண்டும். தூக்குச்சட்டியில் சோறு, குழம்பு, ஒரு கருவாட்டுத் துண்டு. பத்து மணிக்கு ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரத்தில் உண்டு முடித்து எழுந்திருப்பது வழக்கம். இதனை அடியோடு மாற்றவேண்டும். சோறு உருண்டு இறுகிச் சிற்றிரைப்பையின் வாயை அடைக்கும். புரோட்டாவும் அவ்வாறே, மென்று விழுங்கிய மாவு மீண்டும் பிசைந்த மாவாகிறது. மரவள்ளிக்கிழங்கு எளிதில் இறங்குமாயினும் அதில் புரதம் மிகச் சொற்பம். கைப்பிடியளவே கொள்ளும் இரைப்பையை வெறும் மாவால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? ஆதலால் முதற் கவளம் புரதமாக இருக்கவேண்டும். அவித்த முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை எனக் கணக்கிடின், முட்டை, மீன், தயிர், நன்கு வெந்த பருப்பு ஆகியவற்றைச் சிறுசிறு பங்குகளாக ஐந்தாறு வேளைகளில் உட்கொண்டாலன்றி அது கைகூடாது என்பது விளங்கும்.

பருப்பைப் பற்றி மலைவாசிகள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், போடிமெட்டை ஒத்த உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். சமவெளியில் கொதித்த நேரமே கொதித்தாலும் பருப்பும் கொண்டைக்கடலையும் நடுவில் கெட்டியாகவே நிற்கும். மற்றவர்க்கு அது சுவைக் குறைவு மட்டுமே, இந்நோயாளிக்கோ அடைப்பு. அழுத்தச் சமையற்கலத்தில் வேகவைப்பது உத்தமம்.

நீர் அருந்துவதிலும் பழக்கம் மாறவேண்டும். உண்ணும்போது குடித்தலாகாது. உணவுக்கு அரைமணி நேரம் கழித்தே குடிக்கவேண்டும்; ஆயினும் நாள் முழுதும் சிறு மடக்குகளாக ஒன்றரை லிட்டர் உட்செல்லவேண்டும். தோட்டத்தில் நீர்க்குப்பி எப்போதும் பக்கத்தில் இருத்தல் அவசியம். ஒரு கவளத்தை இருபது, முப்பது முறை மெல்லுக. ஒரு வேளை உணவுக்கு இருபது நிமிடமேனும் எடுக்க. மேற்பார்வையாளர்கள் இதற்கு இடங்கொடுக்கவேண்டும். கால்மணி நேரத்தில் உண்டு எழும் கட்டாயமுள்ள இடத்தில், எத்தனை சிறந்த சிகிச்சையும் தோற்றுப்போகும் என்பது என் கருத்து.

இனி இனிப்பு. சர்க்கரை மிகுந்த சர்பத்தோ பாயசமோ சிற்றிரைப்பையிலிருந்து விரைந்து சிறுகுடலில் இறங்கும். அங்கே அச்செறிவான கரைசல் உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, நீரில் வைத்துக் காட்டும் சவ்வூடு பரவற் சோதனையை ஆசிரியர்கள் அறிவர். ஏறக்குறைய அதுவே உள்ளே நிகழ்கிறது. உண்ட அரைமணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் போக்கு, படுத்துவிட வேண்டும் போன்ற சோர்வு ஆகியன தோன்றும். 'டம்பிங்' என்று மருத்துவர்கள் கூறுவது இதுவே. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு வகை: இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை அடக்க அளவுக்கு மீறிய இன்சுலின் சுரந்து, சர்க்கரை தாழ்ந்து, நடுக்கமும் மயக்கமும் உண்டாகின்றன. சரிவில் நின்று வேலை செய்பவருக்கு இது ஆபத்து. மயக்கம் வந்தபோது சிறிது சர்க்கரை கொடுப்பது சரியே. ஆனால் அதனோடு நிறுத்தாமல் புரதமுள்ள உணவும் கொடுக்கவேண்டும். அன்றேல் மீண்டும் அதே சுழல் தொடரும்.

இப்போது வாந்திக்கு வருவோம். தலைப்பில் கூறிய பொருளின் உயிர் நாடி இதுவே. தயமின் எனப்படும் பி1 வைட்டமின் உடலில் நீண்டகாலம் சேமித்து வைக்கப்படுவதில்லை. உணவு வழியே வருவது நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். இதன் குறைவே பெரிபெரி. குன்னூரில் மக்காரிசன் 1918இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவின் முதற்பெயரே பெரிபெரி விசாரணைப் பிரிவு என்பதாகும்; அதுவே பின்னர் போஷாக்கு ஆராய்ச்சிசாலையாகி, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்றது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்நாட்டில் அரிதாயிருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் ஊறிச் செல்வதே காரணம். ஆனால் எவ்வளவு நல்ல அரிசியாயினும், வயிற்றில் தங்காமல் வெளிவந்துவிட்டால் என்ன பயன்?

இரண்டாம் ரண சிகிச்சைக்குப் பின் இணைப்பு வாய் வடுவினால் குறுகுமானால், அது பெரும்பாலும் முதற் சில வாரங்களிலேயே வாந்தியாக வெளிப்படும். முதலில் சோறு நிற்காது. பின் கஞ்சி நிற்காது. பின் நீரே நிற்காது. மலைப்பாதையில் வரும் வாந்தி வண்டி நின்றதும் அடங்கும்; இது வீட்டிலிருக்கும் நாளிலும் வரும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும். அவ்வாறு வாந்தி தொடர்பவருக்குக் கண் ஆட்டம் அல்லது இரட்டைப் பார்வை, தள்ளாடிய நடை, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தயமின் குறைவு மூளையைத் தாக்கத் தொடங்கியுள்ளது என்று கொள்ளவேண்டும். குடித்தவரைப் போலத் தோன்றுவதால் இவர்களைக் குடிகாரர் என்று ஒதுக்கிவிடும் அபாயமும் உண்டு. தாமதித்தால் நினைவாற்றல் மீளாமலே போகலாம்.

ஆனால் அறிகுறிகளுக்காகக் காத்திருத்தல் கூடாது. இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிடினும், நீரே தங்காவிடில் அன்றைக்கே, மருத்துவமனைக்கு அனுப்புக. அங்கே நடக்கவேண்டியதில் ஒன்றைக் கள ஊழியரும் அறிந்திருக்கவேண்டும்: தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் திரவம் அதற்குப் பிறகே. தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால், எஞ்சியிருந்த சிறிதளவும் செலவாகி நோய் முற்றிவிடக்கூடும். சோர்ந்து விழுந்தவருக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்களில் அன்பின் அடையாளமாகவே கருதப்படுவதால் இதனை வற்புறுத்திக் கூறுகிறேன்.

வேறு சில எச்சரிக்கைகளையும் சுருக்கமாகக் கூறிவிடலாம். சிகிச்சைக்குப் பிந்திய முதல் வாரங்களில் காய்ச்சல், விரைந்த நாடி, வயிற்றிலோ தோளிலோ வலி ஆகியன தையல் கசிவைக் குறிக்கலாம். எத்தனை ஆண்டு கழிந்தும் திடீரென்று வரும் கடும் வயிற்றுவலியை அலட்சியம் செய்தலாகாது. உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரைகள் பல இணைப்பில் புண் உண்டாக்கும், புகையும் அவ்வாறே. கருமையான மலம் அதன் அடையாளம். இரும்பு, கால்சியம், பி12 உள்ளிட்ட வைட்டமின்கள் வாழ்நாள் முழுதும் தேவை. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது இந்தத் தேயிலை நாட்டில் பொது வழக்கம். தேநீர் இரும்பைக் கட்டிவிடும் ஆதலால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுக. கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்த்து உண்ணலாகாது.

போடிமெட்டில் வாழ்பவர் ஒரு நாள் தேனியில் கானாவிலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லக்கூடும். மற்றொரு நாள் இடுக்கிப் பக்கத்து மருத்துவமனைக்குச் செல்லக்கூடும். ரண சிகிச்சையோ மதுரையிலோ கோயம்புத்தூரிலோ நடந்திருக்கும். எனவே அவர் தம் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்குமாறு ஊழியர் ஏற்பாடு செய்யவேண்டும். இரு சிகிச்சைகளும் எவை, எந்த ஆண்டில் எங்கே நடந்தன, எந்த மாத்திரைகள் நடைபெறுகின்றன என்பவற்றோடு, "வாந்தி இருப்பின் முதலில் தயமின்" என்னும் ஒரு வரியும் அதில் இருக்கட்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, எளிதில் நனையாதவாறு உறையிட்டுக் கொடுக்கவும்.