சிறுநீரக நாடிச் சுருக்கமும் குருதியமுக்கமும்

மலைத்தோட்டங்களில், மேட்டுத் தொட்டியிலிருந்து லயங்களுக்குக் குழாய்வழி நீர் வருதலை நாமறிவோம். ஒரு வீட்டுக் குழாயிற் சேறடைத்தால் அங்கு நீர் குறையும். தொட்டியே வற்றியதென்றெண்ணி நீரை மேலும் வேகமாகத் திறந்துவிட்டால், பிறர் வீட்டு நல்ல குழாய்களும் நெருக்குண்டு வெடிக்கும்.

சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடி சுருங்கும்போதும் இவ்வாறே நிகழ்கின்றது. உடலெங்கும் குருதி குறைந்ததென மயங்கிய சிறுநீரகம் இரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. அதன்வழி உண்டாகும் அஞ்சியோடென்சின் நாடிகளை இறுக்குகின்றது, உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, குருதியமுக்கம் உயர்கின்றது. 1934 இல் அமெரிக்க அறிஞர் கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரக நாடியைக் கவ்வியால் நெருக்கி இவ்வமுக்க உயர்வைக் காட்டினார்.

முப்பது வயதுக்கு முன்னரே அமுக்கம் மிகுதல், முதுமையிற் சடுதியாக ஏறுதல், மூவகை மருந்துக்கும் அடங்காமை ஆகியன இந்நோயை ஐயுறச் செய்வன.

அடைப்பு நீங்கினால் நோயும் நீங்குமன்றோ எனச் சிலர் வினவலாம். அது காரணத்தைப் பொறுத்தது. இளம்பெண்களிடம் நாடிச்சுவரின் தசைநார் தடித்து உண்டாகும் சுருக்கத்தைப் பலூனால் விரித்தல் பெரும்பாலும் நற்பயன் தரும். சூரிச் நகரில் குரூன்சிக் 1978 இல் இம்முறையை வெளியிட்டார். ஆசிய நாடுகளில் இளையோரிடம் காணப்படும் தகயாசு நோயிலோ முதலில் நாடியின் அழற்சியை மருந்தாலே தணித்தல் வேண்டும்.

முதியோரிடம் கொழுப்புப் படிந்து நேரும் சுருக்கம் வேறு. 806 நோயாளரை ஆராய்ந்து 2009 இல் வெளிவந்த ஆய்வும், 2014 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், மருந்தோடு நாடியையும் விரித்தவர்கள் மருந்து மட்டும் உண்டவரினும் மேலான பயனடையவில்லை என்றன. ஆகவே இவர்களுக்கு மருந்தும், கொழுப்பைக் குறைத்தலும், புகையொழித்தலுமே முதல்வழி. அமுக்கம் அடங்காதபோதும், நுரையீரலில் அடிக்கடி நீர் கோக்கும்போதும், சிறுநீரகம் விரைந்து தளரும்போதும் நாடி விரித்தலையோ சத்திரசிகிச்சையையோ வைத்தியர் ஆராய்வர்.

இங்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. இலோசாட்டன், எனலாப்பிரில் போன்றவை இந்நோய்க்கு ஏற்ற மருந்துகள். எனினும் இரு நாடிகளும் சுருங்கியிருப்பின் சிறுநீரகத்தைத் தளர்த்தவுங் கூடும். கருவுற்றோர்க்கு இவை ஆகா. மருந்து தொடங்கி ஓரிரு வாரங்களில் குருதியைச் சோதித்தல் இன்றியமையாதது.

கிளினிக்குக்குச் செல்வது தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாட் பேரை இழப்பதாகும். ஆயினும் அச்சோதனையைத் தவிர்த்தால் சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமலும், சோதனையைத் தவிர்க்காமலும் இருக்குமாறு கற்ற நாம் நம் சுற்றத்தார்க்கு எடுத்துரைப்போமாக.