முதலில் நூல் பிடியுங்கள்

கேள்வி: கோவையில் இருபது வருடமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், சேர்த்துவைத்த காசில் டெலிகாஸ்டர் மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்று வாங்கியிருக்கிறான். உடல், நெக், பிக்கப், பிரிட்ஜ், ஸ்க்ரூ எல்லாம் தனித்தனியாக வந்திருக்கின்றன. உடனே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நிற்கிறான். எனக்குச் சங்கீதம் தெரியாது. எங்கே தொடங்குவது? கடையில் வாங்கும் கிட்டார் மாதிரி இது பேசுமா?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: பேசும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் நன்றாகப் பேசும். சங்கீதம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்த வகைக் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் அவர். 1950-ல் வெளிவந்து, அடுத்த வருடம் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரைப் பார்த்தாலே அந்த மெக்கானிக் புத்தி தெரியும். பலகையாக ஓர் உடல், அதில் நான்கு ஸ்க்ரூ போட்டுப் பூட்டிய நெக். எது பழுதானாலும் கழற்றி மாட்டிவிடலாம். நெக்கைப் பசை போட்டு ஒட்டுகிற வேலை இல்லாததால்தான் இன்று அது ஒரு பெட்டிக்குள் அடங்கி உங்கள் வீடு வந்து சேர்கிறது.

பெயின்ட் டப்பாவை மட்டும் இப்போதைக்கு மூடி வையுங்கள். நான் முதன்முதலில் கிட் ஒன்றைப் பூட்டியபோது மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, கண்ணாடி மாதிரி சிவப்பு அடித்தேன். அதற்குப் பிறகுதான் பிரிட்ஜுக்குத் துளை போட்டேன். தந்தி கட்டி வாசித்தால், பதினைந்தாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட்) மெல்லிய தந்தி விரலுக்கு அடியிலிருந்து விளிம்பைத் தாண்டி வழுக்கி விழுந்தது. பிரிட்ஜ் மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, புதிதாகத் துளைத்தபோது அந்தச் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. அந்த வருத்தம் உங்கள் மகனுக்கு வரக்கூடாது.

ஆகவே முதலில் வெறும் மரத்தில் எல்லாவற்றையும் பூட்டிப் பாருங்கள். நெக்கை மாட்டி, நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டிச் செல்லும் துண்டு) இரு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜின் இரு ஓரச் சாடில்களுக்கு (தந்தி உட்காரும் சின்னத் துண்டுகள்) தையல் நூலை இறுக்கிக் கட்டுங்கள். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற அதே வேலைதான். கடைசி ஃப்ரெட்டுக்கு மேலே குனிந்து பாருங்கள். இரண்டு நூலுக்கும் வெளியே, இரு பக்கமும் ஒரே அளவு மரம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்தி நெக்கைத் தள்ளி, திரும்ப முடுக்குங்கள். பிரிட்ஜுக்குத் துளை போட்டே வந்திருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். நெக் உட்காரும் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் அசைவு இருக்கும்.

அடுத்தது நீளம். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரட்டியுங்கள். டெலிகாஸ்டர் அளவென்றால் 324 மில்லிமீட்டர், இரட்டித்தால் 648. மெல்லிய தந்தியின் சாடில் அங்கே வர வேண்டும். மற்றவை ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் போகும். அதனால் சாடில்களை நன்றாக முன்னே தள்ளி வைத்துக்கொண்டு பிரிட்ஜின் இடத்தைக் குறியுங்கள். தந்தியை முறுக்கும் ட்யூனர்களின் ஸ்க்ரூக்களுக்கு முதலில் சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூ மரையில் மெழுகு தேய்த்து முடுக்குங்கள். நெக்கின் மேப்பிள் மரம் கடினமானது. சின்ன ஸ்க்ரூ உள்ளேயே முறிந்தால் எடுப்பது பெரும்பாடு.

பிக்கப் உங்கள் பேட்டை. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய எனாமல் காப்பர் கம்பியில் ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப் புலம் ஆடுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பூட்டுவதற்கு முன் மீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்துவிடுங்கள். இந்த வகைக்குப் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மோட்டாரில் வைண்டிங் ஆடாமலிருக்க நீங்கள் வார்னிஷ் ஊற்றுவது போல, இதில் மெழுகு ஊற்றுவார்கள். ஊற்றாததை ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டி வைத்தால் கீச்சென்று அலறும்.

பிரிட்ஜுக்கும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகுக்கும் இடையே கண்டின்யூட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எர்த் கம்பியை மறந்துவிட்டால், தந்தியில் கை வைத்தாலும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்காது. ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கட்டும், அது போகிற எர்த்தும் சரியாக இருக்கட்டும். உங்கள் பிள்ளையின் விரல் எந்நேரமும் அதோடு இணைந்த தந்தியில்தான் இருக்கப்போகிறது.

குயின் இசைக்குழுவின் பிரையன் மே இன்றுவரை வாசிக்கும் கிட்டார், 1963-ல் தொடங்கி இரண்டு வருடம் போல அவரும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அவர் அப்பாவும் வீட்டில் செய்தது. நெக் ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரம். தந்தியின் சுருதியை ஆட்டும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங். பிக்கப்பையும் முதலில் அவரே சுற்றினார். தந்தியை இழுத்து வாசித்தபோது அது சரிப்படாததால் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார். சுற்றுகிற வேலையில் அவரைவிட உங்களுக்கு அனுபவம் அதிகம். அடுத்த கிட்டாருக்கு நீங்களே சுற்றிப் பாருங்கள்.

கடை கிட்டாருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிவது மரத்தில் அல்ல, தந்தி கட்டிய பிறகு செய்யும் செட்டப்பில். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தினால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். கூடினால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்று முடுக்கி, ட்யூன் செய்து, திரும்பப் பாருங்கள். ஒரே மூச்சில் முடுக்காதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் வலிக்காது. அங்கே அழுத்தி வாசித்தால் வரும் சுருதி, அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் சுருதியோடு ஒத்துப்போக வேண்டும். ஏறி ஒலித்தால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கி ஒலித்தால் முன்னால். பழைய டெலிகாஸ்டரில் ஆறு தந்திக்கு மூன்றே சாடில். இரண்டிரண்டாகச் சமாளிக்க வேண்டும். உங்கள் பெட்டியில் ஆறு இருந்தால் வேலை சுலபம்.

இதெல்லாம் முடிந்ததும் திரும்பக் கழற்றி, பெயின்ட் அடிக்கலாம். நெக் பள்ளத்துக்கு மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் நெக் உள்ளே இறங்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயிலடிக்கும் ஒரு நாள் பார்த்துச் சாண்டிங் சீலர் ஒரு கை பூசிவிட்டு, வர்ணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். அதுவரை மர நிறத்திலேயே வாசிக்கட்டும். என்ன நிறம் என்பதை அதற்குள் இரண்டு மூன்று முறை மாற்றிக்கொள்வான்.