நிலம் அறிந்து ஆடுக

நுழையும்முன்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, அவ்வந்நிலத்து மக்களின் தொழிலையும் வாழ்வையும் வகுத்துக் காட்டியது தமிழ். விளையாட்டுக்கும் நிலத்துக்கும் தொடர்பு உண்டோ? இப்பாடத்தைப் படித்து அறிக.

கணினித் திரையில் ஆடும் கோல்ஃப் போட்டி ஒன்றைக் கோலார் தங்கவயல் மாணவர்கள் நடத்துவதாகக் கொள்க. எந்தத் திடலைத் தேர்வது என்பதே முதல் வினா. மரங்கள் அடர்ந்த திடல், ஏரிகள் சூழ்ந்த திடல், கடலோர மணல்வெளித் திடல் எனப் பலவகை உண்டு. இறுதியாகக் கூறியதை 'லிங்க்ஸ்' என்பர்.

லிங்க்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் நெய்தல் நிலம். கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட அம்மணற்பரப்பு உழவுக்கு உதவவில்லை. மழைநீரை விரைந்து உறிஞ்சியதால் ஆட்டத்துக்கு உதவிற்று. அங்கு மரங்கள் அரிது, காற்று மிகுதி. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய திடல் இவ்வகைக்குப் புகழ்பெற்ற சான்று. அங்கு 22 குழிகளாக இருந்த ஆட்டம் 1764இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முழு ஆட்டத்துக்கு அதுவே அளவு.

ஏரியைத் தாண்டி அடிக்க வேண்டிய திடலில், புதியவர் மீண்டும் மீண்டும் பந்தை இழந்து சோர்வர். லிங்க்ஸ் திடலிலோ பந்தைத் தாழ அடித்து, தரையில் உருட்டியும் குழியை அணுகலாம். வல்லவரின் திறனைக் காற்று சோதிக்கும். ஆதலின் இருவர்க்கும் ஏற்ற களம் அது. எனினும் காற்றின் வேகமும் திசையும் குழியின் இடமும் எல்லார்க்கும் ஒன்றாக அமைதல் வேண்டும்.

சில கணினி விளையாட்டுகளில் புதிய திடலை வரையவும் வழி உண்டு. தங்கவயலின் மணல்மேடுகளையே வரைந்தால் என்ன என்று மாணவர் எண்ணக்கூடும். தோற்றத்தில் அவை கடற்கரை மணற்குன்றுகளை ஒத்தவை. ஆனால் அவற்றைக் குவித்தது கடற்காற்று அன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் வந்தனர். காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. அவர்கள் உடைத்த பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே அம்மேடுகள்.

நிலத்தின்மேல் ஆங்கிலேய அதிகாரிகள் கோல்ஃப் ஆடிய காலத்தில், நிலத்தின்கீழ் அத்தொழிலாளர் பாறை உடைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது, மேடுகள் எஞ்சின. காற்று வலுத்தால் அவற்றின் தூசி இன்றும் குடியிருப்புகளை அடைகிறது.

எனவே, போட்டிக்கு லிங்க்ஸ் திடலைத் தேர்ந்தெடுக்கலாம். தங்கவயல் மேட்டைத் திரையில் வரைவோர், அதனை எழுப்பியவர் யார் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். திரையில் அதன்மேல் பந்து உருட்டும் சிறுவர்களுள் பலர் அத்தொழிலாளரின் பேரக்குழந்தைகளே.

சொற்பொருள்
நெய்தல் – கடலும் கடல் சார்ந்த இடமும்
திடல் – விளையாடும் வெளி
எஞ்சிய – மீந்த

பயிற்சி
1. லிங்க்ஸ் நிலம் ஆட்டத்துக்கு ஏற்றதானது எவ்வாறு?
2. கடற்கரை மணற்குன்றுக்கும் தங்கவயல் மேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பிரித்து எழுதுக: மணற்பரப்பு, கடற்காற்று.
4. வீட்டுப் பெரியவரிடம் அவர் செய்த தொழிலைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.