மலைத்தீயும் மனைக்காற்றும்

கார்த்திகைத் திங்களில் அண்ணாமலை உச்சியில் ஒளிரும் தீபம் திருவண்ணாமலைக்குப் பெருமை சேர்ப்பது. கோடையில் அதே மலைச்சரிவில் பரவும் தீயோ அடிவாரத்து இல்லங்களுக்குத் துன்பம் தருவது. வெயிலில் காய்ந்த எலுமிச்சைப்புல் எளிதில் பற்றிக்கொள்ளும். அணைக்காமல் எறியப்படும் ஒரு தீக்குச்சியே அதற்குப் போதும்.

தீ மலையில் எரிந்தாலும் புகை மனைக்குள் நுழைகிறது. கதவை அடைத்துவிட்டால் தீங்கு நேராது என்று கருதுவது பிழை. புகையிலுள்ள நுண்துகள்களுள் பெரும்பாலானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். கதவிடுக்கு, சன்னலிடைவெளி, ஓட்டுக்கூரை வழியே புகும் அவை மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன; மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், ஆஸ்துமாவும் இதயநோயும் உடையோர் ஆகியோரே மிகுதியாகத் துன்புறுவர். 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என 2021ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்தது.

புகை சூழும்போது சன்னல்களை அடைத்து, இடுக்குகளைத் துணியால் மூடுதல் வேண்டும். விறகடுப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி ஆகியவை உள்ளிருந்தே நுண்துகளைப் பெருக்குவதால் அந்நேரத்தில் அவற்றைத் தவிர்த்தல் நன்று. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் தரையைத் துடைக்கலாம். வெளியே செல்வோர்க்குச் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. என்95 வகையே ஏற்றது. புகை விலகியதும் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் பெறுதல் வேண்டும். மூச்சுத்திணறல் தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும்.

இவையெல்லாம் புகை வந்தபின் செய்வன. மலையில் தீ பற்றாமல் காப்பதே அடிவாரத்தில் வாழும் குழந்தையின் மூச்சைக் காக்கும் முதல் வழியாகும்.