திறவாத இறுவட்டைப் படிக்கும் முறை

ஏட்டுச் சுவடியொன்றைக் கையிலெடுத்த ஒருவர், அதன் எழுத்துத் தமக்கு விளங்காமையினால், இதிலே ஒன்றும் எழுதப்படவில்லையென்று கூறி அதனை அடுப்பிலிடுவாராயின், அவரை அறிவுடையாரென்று உலகங் கொள்ளாது. எழுத்து விளங்காமை படிப்பவரின் குறையேயன்றி ஏட்டின் குறையன்று. ஆயினும், பழைய இறுவட்டுகளைப் பொறுத்தவரையில் இப்பிழையையே நம்மிற் பலர் செய்து வருகின்றோம். வீட்டுக் கணினி ஒரு வட்டைத் திறக்க மறுத்தவுடன், வட்டுப் பழுதாயிற்றென்று முடிவுகட்டிக் குப்பையிற் போட்டுவிடுகின்றோம்.

இம்மலரின் பொருட்டுப் பழைய மாணவர்களிடமிருந்து படங்களும் ஆவணங்களும் திரட்டப்பட்டபோது, கடல்கடந்து வாழும் அன்பரொருவர் 2001ஆம் ஆண்டிற் பதிந்த இறுவட்டொன்றை அனுப்பியிருந்தார். எமக்குத் தமிழ் கற்பித்து, இப்பொழுது அமரராகிவிட்ட ஆசிரியர் ஒருவரின் சொற்பொழிவும், அக்காலத்து விழாப் படங்களும் அதில் உள்ளனவென்று அவர் எழுதியிருந்தார். அதனை எமது வீட்டுக் கணினியில் இட்டோம். வட்டுச் சிதைந்திருக்கலாமென்றும், தான் அறிந்த வடிவில் வட்டு இருத்தல் வேண்டுமென்றும், வடிவமைக்கப்படாத வட்டாயின் வடிவமைத்துக்கொள்க என்றும் கணினி அறிவித்தது.

இவ்வறிவிப்பை யாம் முன்னரும் கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது மாணவர் நடித்த நாடகமொன்றின் பதிவைக் கொண்ட, மீளவும் எழுதத்தக்க வட்டொன்றைக் குறித்தும் கணினி இவ்வாறே கூறிற்று. யாம் அதன் சொற்படி வடிவமைக்கும் பொத்தானை அழுத்தினோம். வட்டுச் செம்மையாயிற்று, நாடகம் போயிற்று. அதற்கு வேறு படி இருக்கவில்லை. அவ்விழப்பே இம்முறை எமது கையைத் தடுத்தது. அதன்பின் யாம் கற்றவற்றை, ஏனையோர் இழப்பின்றிக் கற்கும்பொருட்டு ஈண்டு வரைகின்றோம்.

1. வட்டும் வரியும்

சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் இறுவட்டு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. முதலில் இசைக்காகவே அது பயன்பட்டது. கணினிக்குரிய தரவுகளை எழுதும் வழக்கம் பின்னரே ஏற்பட்டது. பன்னிரண்டு சென்றிமீற்றர் விட்டமுள்ள அவ்வட்டிலே, உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே நீண்ட வரி உண்டு. தரவு வட்டில் அவ்வரி சிறு சிறு பகுதிகளாக வகுக்கப்படும். ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் 2,048 பைற்றுத் தரவைக் கொள்ளும். எண்பது நிமிட வட்டொன்றில் இத்தகைய பகுதிகள் 360,000 அமையும். முதற் பகுதியின் எண் பூச்சியம் ஆகும்.

இங்கே ஓர் உண்மையை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். வட்டை வாசிக்கும் கருவி, இத்தனையாம் பகுதியைத் தருக என்று கேட்டால் அதனைத் தருமேயன்றி, எது படம், எது பாட்டு, எது கட்டுரை என்று அறியாது. எந்தக் கோப்பு எந்தப் பகுதியில் தொடங்கி எவ்வளவு நீளம் செல்கின்றது என்று கூறும் அட்டவணை வட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அவ்வட்டவணையை எழுதும் இலக்கணமே கோப்பு முறைமை எனப்படும். அவ்விலக்கணத்தை அறிந்திருக்க வேண்டியது கணினியின் பணிசெயல் முறைமையாகும்.

ஆகவே வட்டுத் திறவாமைக்கு இரு காரணங்கள் உள. கருவியாற் பகுதிகளை வாசிக்க இயலாமை ஒன்று; வாசித்த பகுதிகளின் இலக்கணம் கணினிக்குத் தெரியாமை மற்றொன்று. முன்னையது ஏடு செல்லரித்தமை போன்றது. பின்னையது வட்டெழுத்தை அறியாதவன் வட்டெழுத்துச் சாசனத்தை நோக்குதல் போன்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே முதற் பாடம்.

2. முறைமைகள் பல

தொடக்கத்தில் நிறுவனந்தோறும் வெவ்வேறு அட்டவணை முறைகள் வழங்கின. 1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தாகோ ஏரியை அடுத்த ஹை சியரா என்னும் விடுதியில் நிறுவனங்கள் பலவற்றின் அறிஞர் கூடிப் பொதுமுறை ஒன்றை வகுக்க முற்பட்டனர். அதன் வழிவந்ததே 1988இல் அனைத்துலக நியமமாக வெளியான ஐ.எஸ்.ஓ. 9660 என்பதாகும். இம்முறையின் முதற்படியிற் கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளையும், அதன் பின்னொட்டு மூன்று எழுத்துகளையும் தாண்டலாகாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடுமே பயிலலாம்.

இக்குறுக்கம் பலருக்கும் இடராயிற்று. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்கென றொக் றிட்ஜ் என்னும் விரிவும், மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரால் 1995இல் ஜோலியற் என்னும் விரிவும் வகுக்கப்பட்டன. ஜோலியற் முறையிற் பெயர்கள் 64 எழுத்துகள்வரை நீளலாம். அவை ஒருங்குறியில் எழுதப்படுவதால், தமிழிலேயே கோப்புக்குப் பெயரிடவும் வழி பிறந்தது. அதே 1995ஆம் ஆண்டில் யூ.டி.எப். என்னும் வேறொரு முறைமையும் தோன்றிற்று. திரைப்பட டி.வி.டி. வட்டுகள் இம்முறையையே பயன்படுத்துகின்றன. இதற்குப் பல பதிப்புகள் உண்டு, 2.50 என்னும் பதிப்பில் எழுதிய வட்டை விண்டோஸ் எக்ஸ்.பி. தானாகப் படிக்கமாட்டாது, அதனையடுத்து வந்த விஸ்ரா படிக்கும்.

அப்பிள் நிறுவனத்தாரின் மக்கின்ரொஷ் கணினிகளோ தமக்கெனத் தனிமுறையைக் கொண்டிருந்தன. 1985இல் எச்.எப்.எஸ். முறைமையும், 1998இல் அதன் திருந்திய வடிவமாகிய எச்.எப்.எஸ். பிளஸ் முறைமையும் வந்தன. விண்டோஸ் இவ்விரண்டையும் தானாகப் படிப்பதில்லை. மேலும் வியப்புக்குரியது யாதெனில், 2019ஆம் ஆண்டில் வெளியான மக் ஓ.எஸ். கற்றலினா முதலாக அப்பிள் கணினிகளும் பழைய எச்.எப்.எஸ். முறையைப் படிக்கும் ஆற்றலை இழந்தன. வட்டெழுத்தில் எழுதி வாழ்ந்த நாட்டிலே பிற்காலத்தார் அதனைப் படிக்க அறியாராயினமை போன்றதே இதுவும்.

3. எழுத்தை இனங்காணல்

அன்பரின் வட்டு எவ்வகையினது என்பதை அறிய, முதலில் அதன் பகுதிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஒரே கோப்பாகக் கணினியிற் படியெடுத்தோம். இதனை முழுப்படி என்போம். இதற்குக் கோப்பு முறைமை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கருவி பகுதிகளை வாசித்தாற் போதும். முழுப்படி கிடைத்தமையே வட்டு உயிருடன் இருக்கின்றது என்பதற்குச் சான்றாயிற்று.

பின்னர், கோப்பின் ஒவ்வொரு பைற்றையும் காட்டவல்ல மென்பொருளொன்றினால் அம்முழுப்படியை நோக்கினோம். ஒவ்வொரு முறைமையும் குறித்த இடத்திலே தன் முத்திரையைப் பொறித்திருக்கும். ஐ.எஸ்.ஓ. முறை முதற் பதினாறு பகுதிகளை, அதாவது 32,768 பைற்றுகளை, வெறுமையாக விட்டு அதன்பின் தொடங்கும். தொடங்கிய மறு பைற்றிலிருந்து சீ, டீ என்னும் ஆங்கில எழுத்துகளும் 001 என்னும் இலக்கங்களும் காணப்படும். யூ.டி.எப். முறையாயின் அப்பகுதிகளை அண்டி என், எஸ், ஆர் என்னும் எழுத்துகள் தோன்றும். அப்பிள் வட்டுகள் பலவற்றில் முதலிலேயே ஈ, ஆர் என்னும் எழுத்துகளும், 512ஆம் பைற்றிலே பீ, எம் என்னும் எழுத்துகளும் இருக்கும். ஐ.எஸ்.ஓ. முறை வெறுமையாக விட்ட இடத்திலேயே அப்பிளின் முத்திரை அமைவதால், இரு முறைமைகளையும் ஒருங்கே தாங்கிய கலப்பு வட்டுகளும் உண்டு.

எமது முழுப்படியிற் பதினாறாம் பகுதியில் ஐ.எஸ்.ஓ. முத்திரை இல்லை. தொடக்கத்திலோ ஈ, ஆர். பின்னர் பீ, எம். வட்டு மக்கின்ரொஷ் கணினியில் எழுதப்பட்டதென்பது ஐயமின்றி விளங்கிற்று. அன்பரை வினவியபோது, அக்காலத்தில் தாம் பணிபுரிந்த அச்சகத்திலிருந்த அப்பிள் கணினியிலேயே அதனைப் பதிந்ததாகக் கூறினார்.

4. செய்யத்தக்க முறை

வீட்டுக் கணினியைக்கொண்டே பின்வருமாறு செய்யலாம்.

முதலாவது: கணினி வடிவமைக்கச் சொன்னால் இசையாதீர். மீளவும் எழுதத்தக்க வட்டாயின் உள்ளவை அழிந்துபோம்.

இரண்டாவது: வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புநோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைத்தலாகாது. இறுவட்டிற் பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அண்மையிலேயே ஒளி தெறிக்கும் படலம் இருப்பதால், அப்பக்கத்துக் கீறல் மிகக் கொடியது. கூரிய பேனாவால் அங்கே எழுதற்க.

மூன்றாவது: ஒரு கருவி வாசிக்காவிடின் மற்றொன்றில் இட்டுப் பார்க்க. எழுதி முடித்து மூடப்படாத வட்டுகள், வாசிக்க மட்டும் வல்ல கருவியில் விளங்காமலிருந்து, எழுதவும் வல்ல கருவியில் விளங்குதல் உண்டு.

நான்காவது: முழுப்படி எடுக்க. லினக்ஸில் வழங்கும் டி.டி.ரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் நலமுள்ள பகுதிகளை முதலில் எடுத்து, வாசிக்க இயலாதவற்றைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் முயலும்.

ஐந்தாவது: முழுப்படியை ஏற்ற மென்பொருளாலே திறக்க. ஐ.எஸ்.ஓ., யூ.டி.எப்., எச்.எப்.எஸ். பிளஸ் ஆகியவற்றை விண்டோஸிலேயே 7-ஸிப் என்னும் இலவச மென்பொருள் திறக்கும். பழைய எச்.எப்.எஸ். முறைமையை லினக்ஸ் படிக்கும். லினக்ஸை யூ.எஸ்.பி. கோலிலிருந்தே இயக்கலாம், கணினியில் நிலையாக நிறுவ வேண்டியதில்லை. யாம் அவ்வாறே இயக்கி, எச்.எப்.எஸ். என்று முறைமையின் பெயரைச் சுட்டி, வாசிப்புக்கு மட்டுமெனத் திறந்தோம்.

ஆறாவது: சில வட்டுகள் பல அமர்வுகளில் எழுதப்பட்டிருக்கும். அவற்றிற் கணினி பொதுவாக இறுதி அமர்வின் அட்டவணையையே காட்டும். முந்திய அமர்வின் கோப்புகள் அதிலே சேர்க்கப்படாவிடின் அவை மறைந்திருக்குமேயன்றி அழிந்திரா. அமர்வின் எண்ணைச் சுட்டித் திறந்தால் அவற்றையும் காணலாம்.

5. திறந்த பின்னும் தீராதவை

வட்டுத் திறந்தது; கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. ஆனால் ஒன்றேனும் பின்னொட்டு உடையதன்று. மக்கின்ரொஷ் கணினி கோப்பின் வகையைப் பெயரிற் காட்டாது வேறாகக் குறித்து வைத்தமையே காரணம். இங்கும் முதற் பைற்றுகளே துணைபுரிந்தன. 255, 216 என்னும் பெறுமானங்களுடன் தொடங்கியவை ஜே.பெக். படங்கள். விழுக்காட்டுக் குறியும் பீ, டீ, எஃப் என்னும் எழுத்துகளுமாகத் தொடங்கியது பீ.டி.எப். ஆவணம். எஃப், ஓ, ஆர், எம் என்று தொடங்கிய பெருங்கோப்பு, அப்பிள் கணினிகளில் வழங்கிய ஒலிக்கோப்பு. உரிய பின்னொட்டைச் சேர்த்தவுடன் அவை திறந்தன.

எழுத்துருக் கோப்புகள் சில வெறுமையாகத் தோன்றின. மக்கின்ரொஷ் கோப்பு இருகிளைகளை உடையது. பழைய எழுத்துருக்களின் பொருள் முழுவதும் இரண்டாம் கிளையிலே தங்கும். சாதாரணமாகப் படியெடுத்தால் அக்கிளை விடுபட்டுப்போம். ஆதலால், கோப்புகளை எடுத்த பின்னரும் முழுப்படியை அழிக்காது பேணல் வேண்டும்.

கட்டுரைக் கோப்பொன்றோ திறந்தபோது ஆங்கில எழுத்துகளின் குவியலாகக் காட்சியளித்தது. இதனைக் கண்டு யாம் மலைக்கவில்லை. நம் நாட்டில் நெடுங்காலம் பயின்ற பாமினி எழுத்துருவிலே தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்த்தப்பட்டிருந்தன. அதிலே ‘அம்மா’ என்பது, எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தோன்றும். எழுத்துருவை மாற்றியவுடன் தமிழ் தெளிந்தது. பின்னர் அதனை ஒருங்குறிக்கு மாற்றினோம்.

இறுதியாக ஒலிக்கோப்பை இயக்கினோம். வாசிக்க இயலாத பகுதிகளால் இரண்டிடங்களில் ஒலி சற்றே அறுந்தது. மற்றெல்லாம் தெளிவு. சந்தியைப் பிரித்துச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, “விளங்கிச்சுதோ?” என்று வினவும் அக்குரலைப் பல்லாண்டுகளின் பின் கேட்டோம். குப்பையிற் போடவிருந்த வட்டிலே எமது ஆசிரியர் இருந்தார்.

6. முடிவுரை

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கியே அப்பணியை நிறைவேற்றினார். சிதைந்த ஏடென்று அவர் ஒதுக்கியிருப்பின் நாம் இழந்திருக்கக்கூடியது பெரிது. நம் வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் வட்டுகள் சங்கநூல்களல்லவெனினும், அவற்றிலுள்ள குரல்களுக்கும் முகங்களுக்கும் வேறு ஏடு இல்லை. எழுதத்தக்க வட்டுகளின் சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் நாளடைவில் மங்கும். ஆகவே இப்பணியை நாளைக்கென்று தள்ளிவைத்தலாகாது.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிடமுள்ள வட்டுகளை எறியாதீர். ஏடெழுதியோர் பலர் சுவடியின் இறுதியிலே தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தமை போல, எவர் பதிந்தது, எந்த ஆண்டு, எந்தக் கணினி, எந்த எழுத்துரு என்னும் நான்கினையும் உறையின்மேல் எழுதிவையுங்கள். பின்வருவோர் அவ்வட்டைப் படித்தற்கு அந்நான்கு வரிகளே திறவுகோலாகும்.