சாவி கொடுத்தால் ஓடாத கடிகாரம்

பீடோரில் ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாற உட்கார்ந்த கோப்பிக் கடையில், பழைய தோட்டத்து மண்டோர் ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் டயல், சுற்றிலும் பாதி சிவப்பு பாதி நீலமாக வளையம், வலப்பக்கம் இரண்டு பொத்தான்.

“செத்துப்போச்சு தம்பி. எவ்வளவு சாவி கொடுத்தாலும் வினாடி முள் நகரல. உள்ளே இருக்கிற வளையம்தான் சும்மா சுத்துது.” சொல்லிக்கொண்டே இருபது தடவை திருகிக் காட்டினார்.

வாங்கி, அரை நிமிடம் இடமும் வலமுமாக ஆட்டிவிட்டு மேல் பொத்தானை அழுத்தினேன். முள் கிளம்பியது. மண்டோரின் கோப்பி ஆறிப்போனது.

ஜப்பானின் பழைய ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் என்றால், கை அசைவில் தானே சாவி ஏறும், ஸ்டாப்வாட்ச் வேலையும் செய்யும். சுவிஸ் கடிகாரத்தின் விலையைக் கேட்டு மிரண்டவர்கள் தேடிப்போவது இதைத்தான். தேடுகிறவர் கையில் கடிகாரம் வந்து சேர்வதற்கு முன்பே கதைகள் வந்துவிடும்.

“சாவி ஏறவில்லை, மெஷின் போய்விட்டது.”

மண்டோருடைய கடிகாரத்திலுள்ள சீக்கோ 6139 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. அந்த வகையில் சாவியைத் திருகினால் உள்வளையம் சுற்றும். அது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். சாவியைப் பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். இதில் எப்போதும் ஓடும் வினாடி முள்ளும் இல்லை. நடுவிலிருக்கும் பெரிய முள் ஸ்டாப்வாட்சுக்கு உரியது. பொத்தானை அழுத்தும்வரை 12இல் நிற்கும். இது தெரியாமல் நல்ல கடிகாரத்தைப் பழுது என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. தெரிந்தே அந்த விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. பிறகு வந்த 6138 வேறு. அதற்குக் கையாலும் சாவி கொடுக்கலாம், 12 மணி நேரம் எண்ணும் சிறு வட்டமும் கூடுதலாக இருக்கும்.

“சுவிஸ்காரன் செய்ததைப் பார்த்து ஜப்பான்காரன் காப்பியடித்தது.”

1969 ஜனவரி 10ஆம் தேதி சுவிஸின் ஜெனித் தன் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபான எல் பிரிமேரோவை அறிவித்தது. மார்ச் 3ஆம் தேதி ஹோயர், பிரைட்லிங் கூட்டணி தன்னுடையதைக் காட்டியது. மே மாதம் சீக்கோ 6139 ஜப்பானியக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ய நாலு மாதம் போதாது. முதலில் அறிவித்தவரா முதலில் விற்றவரா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. முள் துள்ளாமல் வழுக்கிக் கிளம்பும் செங்குத்துக் கிளட்சை ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபில் முதலில் வைத்தது 6139 என்பதே போதும்.

“மஞ்சள் டயலா? விண்வெளிக்குப் போன மாடல்!”

விற்கிறவர் இதைச் சொன்னதும் விலை ஏறும். கதை உண்மைதான். அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1972இல் ராணுவக் கடை ஒன்றில் 71 டாலருக்கு வாங்கிய சீக்கோவைக் கால்சட்டைப் பையிலோ எங்கோ மறைத்து, ஸ்கைலேப் 4 பயணத்துக்குக் கொண்டுபோனார். 1973 நவம்பர் 16 முதல் 84 நாள். நாசா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒமேகா. இது அவர் சொந்தப் பொருள். ஆனால் அது 6139-6005. மண்டோருடையதைத் திருப்பிப் பார்த்தேன்: 6139-6002. அதே குடும்பம், அதே முகம். அவர் முகம் கொஞ்சம் வாடியது. எடையில்லாத இடத்தில் ஆட்டோமேட்டிக் ஓடாது என்பதும் தப்பு. உள்ளிருக்கும் பாரத்துக்கு நிறை இருக்கிறது. கையை வீசினால் அது சுழலும்.

பின்மூடியிலுள்ள இன்னொரு எண்ணையும் படித்துச் சொன்னேன். ஆறு இலக்கத்தில் முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 42 என்று தொடங்கினால் 1974 பிப்ரவரி. அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில எழுத்து.

“டயல் புதுசு மாதிரி இருந்தால் நல்லா வச்சிருந்தாங்கன்னு அர்த்தம்.”

இதற்கு நான் காசு கொடுத்தே பாடம் படித்தேன். ஈப்போ பாசார் காராட்டில் நீல டயல் ஒன்று வெயிலில் கண்ணைப் பறித்தது. பின்மூடி எண் 1974 என்றது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தால் டயலில் ‘வாட்டர் 70 எம் புரூஃப்’ என்று இருந்தது. 1970 வாக்கிலேயே அந்த ‘புரூஃப்’ போய் ‘ரெசிஸ்ட்’ வந்துவிட்டது. அடியில், 6 மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கவேண்டிய ஜப்பான் என்ற சொல்லையும் டயல் எண்ணையும் காணோம். எழுத்துகள் மைதா மாவு அப்பியதுபோல் தடித்திருந்தன. யாரோ புதிதாக அச்சடித்த டயல். ஐம்பது வருஷம் இந்த ஊர் ஈரத்தில் கிடந்த உண்மையான டயலில் ஒரு புள்ளியாவது இருக்கும். எனக்கு அந்தப் புள்ளிதான் வேண்டும். டயல் எண்ணும் பின்மூடியிலுள்ள மாடல் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று சிலர் அலறுவார்கள். கடைசி இலக்கங்கள் வேறாக இருப்பது இயல்பு.

அந்த 70 மீட்டரை நம்பி ஆற்றில் இறங்கவும் வேண்டாம். ரப்பர் வளையம் எப்போதோ கல்லாகியிருக்கும்.

“கிழமை சீன எழுத்தில் இருக்கு, அப்போ சைனா சாமான்.”

பக்கத்து மேசையிலிருந்த சீனத் தவுக்கேயிடம் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் படித்தார். கிழமை என்று மட்டும் ஒப்பவில்லை. சீனர்கள் திங்களை ஒன்று, செவ்வாயை இரண்டு என்று எண்ணித்தான் சொல்வார்கள். இது ஜப்பானிய வழக்கம்: ஞாயிறு, நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண். நெருப்பு என்பது செவ்வாய்க் கோள், நீர் புதன், மரம் வியாழன், பொன் வெள்ளி, மண் சனி. நம் வாரமேதான்! கோள்களின் பெயரில் கிழமை சொல்லும் முறை இந்தியா வழியாகச் சீனம் போனது. அமோகவஜ்ரர் 8ஆம் நூற்றாண்டில் சீனத்தில் ஆக்கித் தந்த சோதிட நூலை, 806இல் கூகாய் என்ற துறவி ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஒரு வேடிக்கை: நம் பழைய வழக்கில் பொன் என்றால் வியாழன், அவர்களுக்கோ வெள்ளிக்கிழமை. மலேசியத் தமிழனுக்கு வெள்ளி என்றால் காசும்கூட. மண்டோருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாவியை அழுத்தி அழுத்தி ஆங்கிலமும் ஜப்பானியமுமாக ஏழு கிழமையையும் ஓட்டிப் பார்த்தார்.

இன்னொரு ஜப்பான் நிறுவனமான சிட்டிசன் இரண்டாம்தரம் என்கிறவர்களுக்கு ஒரு வரி போதும். அதன் 8110 மெஷின் மணிக்கு 28,800 தடவை துடிக்கும், சீக்கோ 6139 துடிப்பது 21,600. சிட்டிசனில் ஓடும் முள்ளை நிறுத்தாமலே பூச்சியத்துக்குத் திருப்பலாம். பேர் பெரிதாக இல்லாததால் கவனிக்க ஆளில்லை. வாங்குகிறவருக்கு அது நல்லதுதான்.

அடுத்த ஞாயிறு மண்டோர் அதே மேசையில் காத்திருந்தார். “விக்கப்போறதில்லை தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா தேதி மாறமாட்டேங்குது” என்றார். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி, பதினொரு மணிக்கு.

அந்த நேரத்தில் தேதியைத் தள்ளும் பற்கள் ஏற்கெனவே கவ்வியிருக்கும். அழுத்தினால் ஏதாவது முறியும். இரவு 9 மணிக்குமேல் தொடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லாமல் விட்டது என் தப்பு. கோப்பிக்கு நானே காசு கொடுத்துவிட்டு, கடிகாரத்தை ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டேன்.